'லா' இல்லாத அரபு வகுப்பு

அத்தரும் மூத்திரமும் கலந்தால் ஒரு வாடை வரும். தனித்தனியாக இருந்தால் இரண்டையும் எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றை மறைப்பதற்காக இன்னொன்றைத் தெளிக்கும்போதுதான் அது குடலைப் புரட்டும். தி. நகரில் ரங்கநாதன் தெரு நெரிசலிலிருந்து விலகி மாம்பலம் ஸ்டேஷன் பக்கமாகப் பிரிகிற ஒரு சந்தில் பழைய லாட்ஜ் ஒன்று இருந்தது. அதன் முதல் மாடிக்கு ஏறும் படிக்கட்டிலேயே அந்த வாடை தொடங்கிவிடும். மாடியில் கழிப்பறைக்கு அடுத்த அறைதான் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுவில், பத்தாவது பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில், அரபு மொழியை நான் கற்கத் தொடங்கியது அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான். இன்றைக்கும் கல்யாண வீட்டு வாசலில் யாராவது பன்னீர்ச் செம்பை என் பக்கம் திருப்பினால் இரண்டடி பின்னால் போய்விடுகிறேன். "என்ன, அலர்ஜியா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அலர்ஜிதான் என்று சொல்லிவைக்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே குடியிருந்த ஒரு கணக்கு வாத்தியாரின் பெண்ணுக்கு அரபு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவின் ரேடியோவிலிருந்து வந்தது. சாயங்காலங்களில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பும்போது, இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் வந்து சிக்கும். செய்தியா, சொற்பொழிவா, எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தொண்டையின் ஆழத்திலிருந்து, கிணற்றில் வாளி இறங்கித் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு சத்தத்தை எடுத்துக்கொண்டு வரும். நம் வாயில் அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் முள்ளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போதாக்குறைக்கு, மாடி வீட்டு மாமியின் பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்த பால் பவுடர் டப்பா காலியாகி எங்கள் சமையலறையில் துவரம்பருப்பு டப்பாவாக வாழ்ந்துகொண்டிருந்தது. அதில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைவேன், இடமிருந்து வலமாக. வலமிருந்து இடமாகப் போக வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பக்கத்தின் மேலே இடது ஓரத்தில் பழக்கப்படி பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, அங்கிருந்து சிரத்தையாக, முழுக்கத் தப்பாக ஓடிக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்கு டைப்ரைட்டிங், ஹிந்தி, இல்லாவிட்டால் பாட்டு என்று மூன்று வாசல்தான் எங்கள் தெருவில் பெண்களுக்குத் திறந்திருந்தது. நான் அரபு என்றதும் அம்மா தோசைத் திருப்பியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"அரபியா? ஏண்டி, நம்மாத்துல யாரு ஒட்டகம் மேய்க்கப் போறா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாஷைதானே, படிச்சுட்டுப் போறா விடு. லீவு முழுக்க ஆத்துல ஒக்காந்துண்டு என் பிராணனை வாங்கறதுக்கு அது தேவலை."

அப்படித்தான் அனுமதி கிடைத்தது. அம்மா வாயில் ஆயிரம் சொன்னாலும் கை வேறு காரியம் செய்தது. லஸ் முனைப் பழைய புத்தகக்கடையில் நான் பொறுக்கிக்கொண்டு வந்திருந்த, பூஞ்சை பிடித்த ஓர் ஆரம்ப அரபுப் புத்தகத்தின் நாலு மூலையிலும், புதுப் புத்தகத்துக்குத் தடவுகிற மாதிரி, அவள் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். "எந்த எழுத்தா இருந்தா என்ன, எழுத்துதானே" என்றாள்.

லாட்ஜ் வாசலில் தொங்கிய பலகை 'ஒரே மாதத்தில் சரளமாக அரபு பேசலாம்' என்று தமிழில் உறுதியளித்தது. அதன் கீழே பச்சை பெயின்ட்டில் ஒரு வரி அரபு. சில வாரங்கள் கழித்து என் மஞ்சள் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைப் படிக்க முயன்றபோதுதான் புரிந்தது, அந்த வரியை உலகத்தில் எந்த அரபியாலும் படிக்க முடியாது என்பது. சேர்த்து எழுத வேண்டிய எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து, இடமிருந்து வலமாக, நான் டப்பாவைப் பார்த்து வரைந்தேனே அதே லட்சணத்தில் பெயின்டர் எழுதிவைத்திருந்தார். அதைக் கவனிக்கக்கூடிய ஒரே ஆள் வகுப்பை நடத்தியவர். அவருக்கும் அரபு எழுத்து தெரியாது.

அவரை எல்லோரும் 'உஸ்தாத்' என்று கூப்பிட வேண்டும் என்பது விதி. வளைகுடாவில் ஏதோ ஒரு தொழிலாளர் முகாமில் பல வருஷம் சமையல் செய்துவிட்டுத் திரும்பியவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஓர் அத்தர்க் குப்பி. கழிப்பறைப் பக்கமிருந்து காற்றடித்தால் எழுந்துபோய் நாலு மூலையிலும் தெளித்துவிட்டு வருவார். பாடத் தாளைக் கொடுப்பதற்குமுன் ஆள்காட்டி விரலை நாக்கில் நன்றாக நனைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். கையில் வாங்கும்போது தாளின் ஓரம் ஈரமாக இருக்கும். நான் அந்த ஓரத்தைத் தொடாமல் வாங்கப் பழகிக்கொண்டேன்.

வகுப்புக்கு அடுத்த அறை ஒரு ஏஜென்ட் ஆபீஸ். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை அங்கிருந்து இங்கே தள்ளிவிடுவார்கள். கொத்தனார், எலக்ட்ரீஷியன், டிரைவர் என்று ஆண்கள் ஒரு பக்கம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மறு பக்கம். எங்கேயும் போகப்போகாத ஒரே ஆள் நான். உஸ்தாத் என்னைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்காரவைத்தார். "படிச்ச பொண்ணு ஒண்ணு முன்னால இருந்தா கிளாசுக்கே ஒரு மரியாதை" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

முதல் நாள் பாடம் தொண்டை எழுத்து. நான் ரேடியோவில் கேட்டு மயங்கிய அந்தச் சத்தத்தைச் சொல்லித்தரப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் கஷ்டம் இல்ல. காலையில பல்லு தேய்க்கறப்ப காறுவீங்கல்ல? அதே சத்தம்தான். எங்க, எல்லாரும் காறுங்க பாக்கலாம்."

அறை முழுக்கக் காறியது. மேஸ்திரி ஒருவர் நிஜமாகவே சளியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு எங்கே துப்புவது என்று விழித்தார். உஸ்தாத் இதை எதிர்பார்த்தவர்போல மேஜைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்து நீட்டினார். பேசின் பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. என்னிடம் வந்தபோது நான் மூச்சை அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடுகிற சத்தம் என்று நான் நினைத்திருந்தது அந்த பேசினுக்குள் மிதந்துகொண்டிருந்தது. தினமும் வகுப்பு இப்படித்தான் தொடங்கும். ஒரு மொழியை இவ்வளவு அசிங்கமாகவும் தொடங்கிவைக்க முடியுமா என்று எனக்கு அழுகையே வந்தது.

பெண்கள் பக்கத்தில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பெயர் பிலோமினா. சாந்தோம் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள், அம்மாவோடு மீன் விற்றுக்கொண்டிருந்தவள். ஸ்டெல்லா என்று ஒரு சின்னப் பெண் அவளுக்கு. புருஷன் கடலுக்கும் போகாமல் வீட்டுக்கும் வராமல் கிடந்தான். பெண்ணை எப்படியாவது கான்வென்ட் விடுதியில் சேர்த்துவிட வேண்டும் என்பதற்காகக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். அவள் உள்ளே வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். "இன்னா கண்ணு, மூக்குல ஈ பூந்துச்சா?" என்று கேட்டுவிட்டு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்துவிடுவாள்.

வீட்டு வேலைக்காரர்கள் அங்கே எஜமானியை எப்படி அழைக்க வேண்டும் என்று உஸ்தாத் பாடம் நடத்திய அன்று அவளால் ஒரு கலவரமே நடந்தது.

"வீட்டு அம்மாவை 'மாமா'ன்னுதான் கூப்பிடணும். வீட்டு அய்யாவை 'பாபா'."

பிலோமினா எழுந்து நின்றாள். "பொம்பளையப் போயி மாமான்றதா? சார், எங்க குப்பத்துல ஒருத்திய அப்டி கூப்ட்டுப் பாரு. செருப்பு பிஞ்சிடும்."

எலக்ட்ரீஷியன் ஒருவன் பெஞ்சைத் தட்டிச் சிரித்தான். "அப்போ வூட்டுக்காரன இன்னா அக்கா, அத்தைன்னு கூப்டலாமா?"

"நீ மொதல்ல உன் பொஞ்சாதிய ஒயுங்கா கூப்புடு நைனா. அப்பால அரபிக்காரன் வூட்டுக்குப் போலாம்."

வகுப்பில் நான் வயிறு குலுங்கச் சிரித்த ஒரே நாள் அது. உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தாளைப் படிக்கச் சொன்னார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் அரபு வாக்கியங்கள், எதிரே அர்த்தம். முதல் பாடத்தில் 'ஐவா', ஆமாம். 'ஹாளிர்', இதோ செய்கிறேன். 'அலா ராஸி', உங்கள் உத்தரவு என் தலைமேல். அடுத்த பாடத்தில் மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்ததில் இப்போதே சுத்தம் செய்கிறேன், இப்போதே கொண்டுவருகிறேன், தப்பு என்னுடையதுதான். மஞ்சள் புத்தகத்தில் 'இது என்ன? இது கதவு' என்று ஒரு மொழி உலகத்துக்குப் பெயர்வைத்துக்கொண்டு நடந்துபோகும். இந்தத் தாளில் அதே மொழி முதுகு வளைந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆர்வக்கோளாறு. எந்தப் பாடத்தையும் கடைசிவரை புரட்டிப் பார்க்காமல் தூங்க மாட்டேன். அப்படிப் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. ஆமாம் என்பதற்கு அத்தனை வழி சொல்லியிருந்த தாள்களில் இல்லை, மாட்டேன், வேண்டாம் என்பதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

மறுநாள் கையைத் தூக்கினேன். "சார், 'இல்லை'ங்கறதுக்கு அரபில என்ன?"

உஸ்தாத் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார், "அது இவங்களுக்குத் தேவைப்படாது."

"தேவைப்பட்டா?"

"இதோ பாரும்மா. நீ வீட்டுல சும்மா இருக்க முடியாம வந்துருக்கே. இவங்க பொழைக்கப் போறாங்க. முடியாதுன்னு சொல்ற ஆளை எவன் எடுப்பான்? நான் அங்க இருந்த காலம் பூரா இந்த மூணு வார்த்தையிலதான் ஓட்டினேன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

கேட்டுவிட்டுத் தன் வெள்ளைச் சட்டையைத் தானே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அத்தர்க் குப்பியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை மேலும் அருவருக்க வைத்தது. தன்னிடம் இருந்த மொத்த அரபையும்தான் அவர் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிலோமினாவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். 12பி பாண்டி பஜாரைத் தாண்டி ஆழ்வார்பேட்டை வழியாக வரும். நான் லஸ்ஸில் இறங்கிக்கொள்ள, அவள் கடற்கரைவரை போவாள். அன்று உட்கார இடம் கிடைத்தது. நான் மஞ்சள் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்து, இல்லை என்பதற்கு 'லா' என்று அவளுக்குக் காட்டினேன்.

"இத்தினிக்கூண்டு வார்த்தையா?" என்று குனிந்து எழுத்தைப் பார்த்தாள். இரண்டு கோடுகள் அடியில் பிணைந்து மேலே விரிந்திருக்கும் எழுத்து அது. "காத்து மாறிச்சுன்னா, கட்டுமரம் எறக்காதேன்னு கரையில நின்னுக்கினு ரெண்டு கையும் தூக்கிக் காட்டுவாங்க பாப்பா. அத்த மாரியே கீது."

அதற்குப்பின் தினமும் பஸ்ஸில் வேறொரு வகுப்பு நடந்தது. எழுத்துக்கு ஒரு படம் போட்டிருக்கும் என் புத்தகத்தை அவள் படத்துக்காகப் பார்ப்பாள். வாத்து, வீடு, ஆப்பிள், கழுதை. கழுதைக்கு 'ஹிமார்'. அந்தப் படத்தில் கழுதை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். "தோ, நம்ம உஸ்தாத்து" என்பாள். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரிப்போம். காறாமலே, துப்பாமலே, அந்தத் தொண்டைச் சத்தம் அவளுக்கு அழகாக வந்தது. கடலுக்கும் கரைக்குமாகக் கூவிப் பழகிய தொண்டை.

மாதக் கடைசியில் ஆள் எடுக்க பம்பாயிலிருந்து பெரிய ஏஜென்ட் வந்தார். லாட்ஜின் மேல்மாடியில் ஏ.சி. போட்ட ஒரே அறையில் நேர்காணல். வரவேற்பு சொல்ல என்னை நிறுத்தியிருந்தார் உஸ்தாத். நான் பாவாடை தாவணியோடு நின்று 'அஹ்லன் வ ஸஹ்லன்' என்று சொல்லி ரோஜா மாலையை நீட்ட, சஃபாரி சூட் போட்ட அந்த மனிதர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அறைக்கு வெளியே வரிசை. கதவருகே உஸ்தாத் குப்பியோடு நின்று உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவர்மேலும் ஒருமுறை தெளித்தார். பிலோமினா வந்தபோது கழுத்தில், கையில், முந்தானையில் என்று நிறுத்தாமல் தெளித்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்தடிக்கும்போது நிற்கிற மாடு மாதிரி நின்றாள்.

"எது கேட்டாலும் ஐவா. ஞாபகம் இருக்கா?" என்று அவள் காதருகே சொன்னார்.

நான் மாலைத் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தேன். ஏஜென்ட் அரபில் கேட்டார், வந்தவர்கள் 'ஐவா' என்றார்கள். முதலில் வேலை தெரியுமா, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று ஒழுங்காகத்தான் போயிற்று. எலக்ட்ரீஷியனிடம் வரும்போது அவருக்கு அலுத்துவிட்டது. எதற்கும் ஐவாதான் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டதும் முகத்தில் ஒரு குஷி வந்தது. நீ திருடனா என்று கேட்டார். ஐவா. பக்கத்திலிருந்த குமாஸ்தாக்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்து, ஏதோ நன்றாகத்தான் சொல்லிவிட்டோம் போல என்று எண்ணி, வந்தவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பிலோமினாவின் இரண்டு கைகளையும் ஏஜென்ட் தன் பேனாவால் புரட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பிறகு, நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இனிமையாக, ஊர் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"அந்தி ஹிமாரா?"

நீ கழுதையா என்று கேட்டார். என் கையிலிருந்த தட்டு சுவரில் இடித்தது. அந்தச் சத்தத்தில் பிலோமினா திரும்பி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து, "ஐவா" என்றாள்.

சிரிப்பு அறையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. உஸ்தாத்தும் சிரித்தார். அத்தனை வருஷம் வளைகுடாவில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி புரியாமல் இருக்க வழியில்லை. ஏஜென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு முத்திரையை எடுத்து அவள் தாளில் குத்தினார். அவள் தேர்வாகிவிட்டாள்.

நான் படியிறங்கி ஓடி லாட்ஜின் பின்பக்கச் சாக்கடையருகே வாந்தியெடுத்தேன். விருந்தாளிக்குப் போட்டதில் மீந்ததென்று கொடுத்த ரோஸ்மில்க் அப்படியே வந்தது. பின்னாலிருந்து யாரோ என் நெற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிலோமினாவின் உள்ளங்கை. அவ்வளவு அத்தரையும் தாண்டி மீன் வாடை அடித்தது. சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான், சத்தியமாகச் சொல்கிறேன், அன்று முழுவதும் என் மூக்கில் ஏறியவற்றில் எதையும் மறைக்கப் பார்க்காத வாடை அது ஒன்றுதான்.

வாயைக் கொப்புளித்ததும் கேட்டேன், "அக்கா, அந்த ஆள் உங்கள என்ன கேட்டான் தெரியுமா?"

"தெரியும். கய்தையான்னு கேட்டான். நீதானே பொஸ்தகத்துல படம் காட்னே."

"தெரிஞ்சுமா ஐவான்னு சொன்னேள்?"

அவள் முந்தானையை உதறி, அதிலிருந்த ஈரத்தை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "லான்னு சொல்லிருக்கலாம் பாப்பா. சொல்லிருந்தா எனக்குப் பின்னால நின்னவ உள்ள பூந்துருப்பா. எம் பொண்ணு கூடையத் தூக்கிக்கினு தெருத்தெருவா போவும்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்கிட்ட கீறது ஒரே ஒரு லா. அத்த இந்தக் கஸ்மாலங்கிட்டப் போயி செலவு பண்றதா? அங்க போனா வேண்டியிருக்கும்" என்றாள்.

அன்று பஸ்ஸில் நாங்கள் சிரிக்கவில்லை. லஸ்ஸில் இறங்கும்போது அவள் ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். நானும் காட்டினேன். வீட்டில் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "என்னடி இப்படி நாறறே, போய்க் குளிச்சுட்டு உள்ள வா" என்றாள். குளித்தேன். வாடை போகவில்லை. மறுநாளிலிருந்து வகுப்புக்கும் போகவில்லை. ஆனால் மஞ்சள் புத்தகத்தை விடவில்லை. அரபின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைக் குப்பி வைத்துத் தெளித்தவர்கள்மேல்தான். ரேடியோ முள்ளைப் பிடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக, முதலிலிருந்து தொடங்கினேன்.

கல்லூரி முடிக்கிற சமயத்தில், பட்டினப்பாக்கம் சாலையோர மீன் கடைகளைத் தாண்டி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது, "இன்னா, அரபிக்காரம்மா!" என்று ஒரு குரல் இழுத்துப்பிடித்தது. பிலோமினாதான். கொஞ்சம் சதை போட்டு, கழுத்தில் மெல்லிய தங்கச் செயினோடு, வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா விடுதியில் இருக்கிறாளாம், இங்கிலீஷில் சண்டை போடுகிறாளாம். குவைத் எப்படி என்றேன். "இங்க மாரிதான். நல்லதும் கீது, நாறினதும் கீது. ஆனா கய்தையான்னு யாரும் கேக்கல. அத்த கேட்டது தி. நகர்லதான்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, அந்த லா?"

கத்தி நின்றது. என்னைப் பார்க்காமல், வெட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு தபா சொன்னேன். சத்தமா சொன்னேன். கேட்டுச்சு."

யாரிடம், எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அடுத்த ஆளுக்கு மீனை நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

இப்போது அந்த லாட்ஜ் இல்லை. அந்தச் சந்து முழுவதையும் விழுங்கிக்கொண்டு பல மாடி நகைக்கடை ஒன்று நிற்கிறது, வாசலில் காவலாளி, உள்ளே ஏ.சி. ஈரத் தாளும் பேசினும் பச்சைப் பலகையும் போய்விட்டன. செல்போனில் தமிழில் சொன்னால் அதுவே அரபில் பேசுகிறது. எனக்கு அரபுதான் சோறு போடுகிறது. வைத்தியத்துக்காக ஓமானிலிருந்தும் ஏமனிலிருந்தும் சென்னைக்கு வருகிறவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலை. நல்ல வேலை. அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் ஃபினாயில் வாடையை மறைக்க மல்லிகை வாசனை ஒன்றைச் சுவரிலிருந்து மெஷின் துப்பிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவேன்.

போன வாரம், அன்றுதான் வந்து சேர்ந்திருந்த ஓர் ஓமானியப் பெண்மணியை ஸ்கேனுக்கு அழைத்துப்போக வந்த வார்டு பாய், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே தன் கூட்டாளிகளுக்குக் கேட்கும்படி அவரைக் கேட்டான்: "இன்னா ஆயா, நீ லூசா?"

முதிய முகம் நிறையச் சிரிப்போடு அவர் சொன்னார், "ஓகே, ஓகே."

தாழ்வாரம் சிரித்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். லாட்ஜை இடித்தவர்களால் அதை இடிக்க முடியவில்லை. அவனிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அது பிலோமினாவின் தமிழ். அதன்பின் சக்கர நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்து, தமிழில் ஒரே ஒரு வார்த்தை கற்றுக்கொள்ள முடியுமா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். என்னிடம் வருகிற எல்லா நோயாளிகளுக்கும் வணக்கத்துக்கும் நன்றிக்கும் முன்னால் நான் சொல்லித்தருவது அந்த வார்த்தையைத்தான். அர்த்தம் சொன்னேன். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

அவர் வார்டு பாய் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கி, தொண்டையின் ஆழத்திலிருந்து எடுத்து, "வேணாம்" என்றார்.